நாலு மணித் தண்ணி

சாப்பிட்ட தட்டு ரெண்டையும் கழுவிக் கவுத்திட்டு, ஆவுடையம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து பாத்ரூம் வாசலுக்கு நேராப் போட்டு உக்காந்துட்டா. மணி ரெண்டு. நாலு மணிக்குத்தான் புதுத் தரையில தண்ணி ஊத்திப் பாக்கணும், அதுக்கு முந்தி ஒரு சொட்டு படக் கூடாதுன்னு அவுக சொல்லிட்டுப் போயி கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாக. அவுகன்னா அவ வீட்டுக்காரரு, சிவனணைஞ்ச பெருமாள். அந்த முழுப் பேரைச் சொன்னா தபால்காரருக்குக்கூடத் தெரியாது. பெருமாள் டெய்லர்னு சொன்னா பாளையங்கோட்டையில பாதிப் பொம்பளைகளுக்குத் தெரியும், ஏன்னா பாதிப் பொம்பளைகளோட ரவிக்கை அளவு அவுக நோட்டுலதான் கெடந்துச்சு. அறுபத்தெட்டு வயசுல அவுகளும் அறுபத்திரெண்டு வயசுல இவளுமா, ஒரு கொத்தனாரைக் கூப்பிடாம, பதினோரு நாளா முட்டிக்கால் போட்டுத் தவந்து இந்தப் பாத்ரூம் தரையைப் போட்டிருக்காக. சந்தனக் கலர்ல கல்லு, சொரசொரன்னு வழுக்காத கல்லு, மேல இருக்க சின்ன சன்னல் வழியா வெயில் விழுந்து, அப்பிடியே மஞ்சத் தேச்சுக் குளிச்ச முகம் மாதிரி இருக்கு. பாக்கப் பாக்க ஆவுடையம்மாவுக்கு ஆசையா இருக்கு. நம்ம வீட்டுலதானான்னு இருக்கு. ஆனா அந்தக் குழாய்க்குக் கீழ, மேக்கு மூலையில இருக்கு பாருங்க ஒரு கல்லு, அதை மட்டும் பாக்கக் கூடாதுன்னு நெனைக்கா. பாக்கக் கூடாதுன்னு நெனைச்சாலே கண்ணு அங்கதான போகும். மத்த கல்லை விட ஒரு நூலு எறங்கித்தான் இருக்கு. இல்ல, வெயிலு விழுத சாய்ப்புக்கு அப்பிடித் தெரியுதோ என்னமோ. முப்பத்தி நாலு வருசம் அவுக கடையில காஜா எடுத்த கண்ணு, ஹெம்மிங்ல ஒரு தையல் தப்புனாக் கண்டுபிடிக்கிற கண்ணு, அதுக்குத் தெரியாமப் போகுமா? தெரியுது. நல்லாத் தெரியுது. அந்தக் கல்லை எறக்குன கை எதுன்னும் தெரியுது. தன் வலது கையை மடியில வச்சு, இடது கையால அதை மூடிக்கிட்டு உக்காந்திருக்கா.

அந்தப் பழைய தரை இருந்துச்சே, அதை நெனைச்சா இப்பவும் இடுப்பு வலிக்கும். மாமனாரு கட்டுன வீடு. அவரு நல்ல மனுசன், ஆனா மேஸ்திரியை ஒரு வார்த்தை பேசவிட மாட்டாராம், நான் சொல்லுத எடத்துலதான் ஓட்டை வைக்கணும்னு நின்னு வச்சுட்டாரு. தண்ணி போற ஓட்டை மேட்டுல, வாசப்படி பள்ளத்துல. தண்ணிக்கு மாமனாரு தெரியுமா மருமக தெரியுமா, அது பள்ளத்தைப் பாத்து வாசலுக்குத்தான் வந்துச்சு. அதனால இந்த வீட்டுல குளிச்சு முடிச்சா யாரா இருந்தாலும் வாரியலை, வெளக்குமாத்தைத்தான், எடுத்து, வாசல்ல இருந்து ஓட்டை வரைக்கும் தண்ணியைத் தள்ளிட்டுத்தான் துவட்டணும். குளிச்ச ஒடம்பு மறுபடி வேர்த்துரும். கல்யாணமாகி வந்த மறுநா காலையில மாமியா அவ கையில மஞ்சளையும் குடுத்து வாரியலையும் குடுத்தா. அதுதான் முறைபோலன்னு நெனைச்சுக்கிட்டா ஆவுடை, எங்க ஊருல இல்லாத சடங்கா இருக்கேன்னு. அது கிடக்கட்டும், மாப்பிள்ளை வந்த கதைதான் கதை. மக வடிவைத் தூத்துக்குடியில கட்டிக் குடுத்து, தலைத் தீவாளிக்கு மாப்பிள்ளை கொம்பையா வந்திருக்காரு. ஆறடி ஆளு. எண்ணெ வச்சு விட்டாச்சு, வெந்நி வெளாவி வச்சாச்சு. வாரியல் சமாச்சாரத்தை யாரு சொல்லுதது? புது மாப்பிள்ளைகிட்டப் போயி குளிச்சிட்டுத் தண்ணியைத் தள்ளுங்கன்னு சொல்ல முடியுமா? நீ சொல்லுளான்னு அவுக, நீங்க சொல்லுங்கன்னு இவ, ரெண்டு பேரும் வடிவைப் பாக்க, வடிவு புதுச் சேலைக்குக் கொசுவம் வச்சுக்கிட்டு நிக்கா. மாப்பிள்ளை உள்ள பாட்டுப் பாடிக்கிட்டே அண்டாத் தண்ணியையும் ஊத்துதாரு, குழாயையும் திறந்து விடுதாரு. வெளிய பட்டாசல்ல, அந்தக் கூடத்துல, பலகையில புதுத் துணி, மஞ்சத் தொட்டு வச்சது, பக்கத்துல தாம்பாளத்துல அதிரசம் முறுக்கு. தண்ணி கதவுக்கு அடியில வந்து, மெதுவா, விருந்தாளி மாதிரி பட்டாசலுக்குள்ள நுழைஞ்சு, தாம்பாளத்தைத் தூக்குச்சு பாருங்க. அதிரசம் தெப்பத்துல போற சாமி மாதிரி ஆடிக்கிட்டே போகுது. மாப்பிள்ளை துண்டைக் கட்டிக்கிட்டு வெளிய வந்து காலுக்குக் கீழ பாத்துட்டு, "அத்தை, ராத்திரி மழையா?"ன்னு கேட்டாரு. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு. அவுகளும் சிரிச்சாக. வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வர அவுக சிரிச்சதை அதுக்குப் பொறவு எத்தனை தடவை பாத்தா? கொஞ்ச வருசம் பாத்தா. ரெண்டு வருசமாப் பாக்கலை.

அந்த ரெண்டு வருசத்தை நெனைக்கக் கூடாதுன்னுதான் அவ கல்லைப் பாத்துக்கிட்டு இருந்தா. கல்லைப் பாத்தா மூலை வருது, மூலையை விட்டா மயிலு வருது. என்ன செய்ய. மயிலு மட்டும் ஒழுங்கா நின்னிருந்தா இன்னைக்கும் கடை இருந்திருக்கும். சமாதானபுரத்துல இருந்து ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா வந்து முகூர்த்தப் பட்டு ரவிக்கைத் துண்டு குடுத்தா. அரக்குல பச்சைக் கரை, கைக்கு வாற கரையில ஒரு பக்கம் ரெண்டு, மறுபக்கம் ரெண்டுன்னு மயிலு. அவுக மேசையில விரிச்சு, சாக்பீஸால கோடு போட்டு, கத்தரியைக் கையில எடுத்தாக. ஆவுடையம்மா பக்கத்துல உக்காந்து வேற ரவிக்கைக்குக் கொக்கி தச்சுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்கிப் பாத்தா, மயிலு தலைகீழாக் கெடக்கு. காலு மேல, கொண்டை கீழ. பாத்தா. சத்தியமாப் பாத்தா. அவுகளுக்குத் தெரியாததா, மடிச்சுப் போட்டு வெட்டும்போது திருப்பிருவாக, நாம போயி டெய்லருக்குச் சொல்லிக் குடுக்கவான்னு தலையைக் குனிஞ்சு கொக்கியைத் தச்சுட்டா. கத்தரி போற சத்தம் கேட்டுச்சு. பட்டுல கத்தரி போனா ஒரு சத்தம் வரும், இலையில தண்ணி தெளிச்ச மாதிரி. தச்சு முடிச்சு ஹேங்கர்ல மாட்டுன பொறவுதான் அவுக பாத்தாக. கல்யாணத்துக்கு நாலு நாளு இருக்கு, அந்தத் துண்டு வேற எங்க கெடைக்கும், சேலையோட வந்த துண்டுல்லா அது. அந்தப் பொம்பள வந்து பாத்தா. ஏசியிருந்தாக்கூட ஒண்ணுமில்ல, கடைத்தெரு பூரா கேக்க நாலு கத்து கத்தியிருந்தா அவுகளும் மன்னிப்புக் கேட்டு, ராத்திரி சாப்பிட்டுத் தூங்கி, காலையில கடையைத் தெறந்திருப்பாக. அவ ஏசலை. சேலைத் தலைப்பால போத்திக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு சொல்லிட்டு, "பரவால்ல அண்ணாச்சி, வயசாகுதுல்லா"ன்னு சொன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. அந்த ஒரு வார்த்தை எங்க போயி எப்பிடிக் குத்துச்சோ. அந்த வாரமே கடையைக் காலி பண்ணிட்டாக. மிஷினைத் தங்கச்சி மகனுக்குக் குடுத்துட்டாக. காபி குடிக்க, பேப்பர் பாக்க, கட்டில்ல படுத்துச் சுவத்தைப் பாக்க. "ஒரு தலைகாணி உறை தச்சுத் தாங்களேன்"னு கேட்டா, "கடையில வாங்கு"ம்பாக. அந்தச் சுவத்துல என்னதான் எழுதியிருக்குன்னு ஒருநா அவ போயிப் படுத்துப் பாத்தா. ஒண்ணும் எழுதலை, ஒரு எடத்துல சுண்ணாம்பு உரிஞ்சு முயலு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

இப்பவும் அந்தச் சுவத்தைப் பாத்துத்தான் படுத்திருக்காக. காலைப் பாத்தா தூங்குத மாதிரி இருக்கு, முதுகைப் பாத்தா முழிச்சிருக்க மாதிரி இருக்கு. கூப்பிட்டுப் பாப்பமா? வேண்டாம். நாலு மணி வரட்டும். கொத்தனார் இசக்கிமுத்து மட்டும் சொன்ன சொல்லுக்கு வந்திருந்தா இந்தத் தவிப்பு இருக்காது, ஆனா இந்தத் தரையும் இருக்காது. சித்திரையில ஒருநா வந்தான், வாசல்ல நின்னு தலையை மட்டும் உள்ள நீட்டிப் பாத்தான், "ஒடச்சுருவோம் அத்தை, வெள்ளிக்கிழமை வாரேன்"னான். எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லலை பாருங்க. ஆடி பொறந்து ஆவணியும் வந்துட்டு. போன் போட்டா, இந்தா வந்துக்கிட்டே இருக்கேங்கான், பின்னால கடல் சத்தம் கேக்கு. திருச்செந்தூர்ல ஏதோ லாட்ஜ் வேலையாம். ஒருநா அவுக குளிச்சிட்டுத் தண்ணியைத் தள்ளும்போது வழுக்கி, சுவத்தைப் பிடிச்சுட்டாக. விழலை. ஒரு கையால குழாயையும் மறு கையால வாரியலையும் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னாக, இவ ஓடிப் போயித் தோளைப் பிடிச்சா. பொறவு வெளிய வந்து, தலையைத் துவட்டி, நேரா மச்சுல ஏறி, மூட்டை கட்டிப் போட்டிருந்த பழைய சாமான்ல இருந்து இஞ்சு டேப்பை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு எறங்குனாக. கழுத்துல டேப்போட அவுகளைப் பாத்ததும் ஆவுடையம்மா முன்னால போயி நின்னா. "என்னங்க?"ன்னா. "நானே போட்டுருதேன்"னாக. "எதை?" "தரையைத்தான். தண்ணி ஓடணும், அவ்வளவுதான? துணி விழுதது தெரிஞ்சவனுக்குத் தண்ணி விழுதது தெரியாதா?" பைத்தியம் பிடிச்சுட்டுன்னு நெனைச்சா. பிடிச்சாப் பிடிக்கட்டும், படுத்துக் கெடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலன்னும் நெனைச்சா.

டைல்ஸ் கடையில போயி, அளவு என்ன அண்ணாச்சின்னு கேட்டவன்கிட்ட, "நீளம் ரெண்டரை மீட்டர், அகலம் ஒண்ணே முக்கால், பன்னா எவ்வளவு வருது?"ன்னு கேட்டாக. துணிக்கு அகலம் கேக்குத மாதிரி கேட்டா, அந்தப் பையன் முழிக்கான். ஆவுடையம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. பழைய தரையை ஒடைக்க மட்டும் ரெண்டு நாளு ஆளு வச்சாக. மிச்சமெல்லாம் அவுக கைதான். நேரா கல்லை வைக்க மனசு வரலை, தினசரிப் பேப்பரை ஒட்டி ஒட்டி, பாத்ரூம் தரைக்கே ஒரு கட்டிங் போட்டாக, ரவிக்கைக்கு வெட்டுத மாதிரி. அந்தப் பேப்பரைத் தரையில விரிச்சு, ஓட்டைக்கு நேரா வட்டம் வெட்டி, குண்டூசி குத்த எடம் தேடுனாக. பேப்பரைப் பாத்து வாட்டத்துக்குக் கணக்குப் போட்டாக, வாசல்ல இருந்து ஓட்டைக்கு ரெண்டு அங்குலம் எறக்கம், ரெண்டு ஓரத்துல இருந்து ஒரு அங்குலம். சாந்துல அந்த எறக்கத்தைக் கொண்டாந்து காயவிட்டு, பொறவு கல்லு. செவ்வாய்க்கிழமை கல்லு வெட்ட மாட்டேன்னுட்டாக. "செவ்வாய்க்கிழமை கத்தரி எடுக்கக் கூடாதுல்லா"ன்னாக. "இது கத்தரி இல்லையே, மிஷின்லா?"ன்னா இவ. "வெட்டுதது வெட்டுததுதான்." சரின்னு புதன்கிழமை வெட்டுனாக. ஓரத்துக்கு வாற கல்லு பதினாலையும் அளந்து அளந்து வெட்டி, தூசியெல்லாம் தட்டி, ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தா ஒண்ணும் உள்ள போக மாட்டேங்கு. எல்லாம் அரை இஞ்சு பெருசு. பதினாலும். எப்பிடித் தப்புச்சுன்னு ரெண்டு பேரும் மண்டையை ஒடைச்சுக்கிட்டாக. டேப்பைப் பாக்காக, சுவத்தைப் பாக்காக, மறுபடி டேப்பு. கடைசியில ஆவுடையம்மாதான் கேட்டா, "ஏங்க, தையலுக்கு விட்டு வெட்டிட்டீகளோ?" அவுக வெட்டுன கல்லு ஒண்ணை எடுத்து ஓரத்தைத் தடவிப் பாத்தாக. நாப்பத்தஞ்சு வருசம் எந்தத் துணியைத் தொட்டாலும், பின்னால பிரிச்சு விடணுமேன்னு அரை இஞ்சு உள்ளுக்கு விட்ட கை. அது கல்லுக்கும் விட்டிருக்கு. கல்யாணப் பொண்ணு பிள்ளை பெத்து ஒடம்பு வச்சாப் பிரிச்சு விடலாம், பாத்ரூம் என்ன பிள்ளையா பெறப் போகுது? அதைச் சொன்னா. பக்கத்து வீட்டு ரோஸ்பாப்பா டீச்சர் காம்பவுண்டு சுவத்துக்கு மேல தலையை நீட்டி, "என்னம்மா ஆவுடை, சத்தமாக் கெடக்கு, தரைக்குக் கை வச்ச ரவிக்கையா, கை இல்லாத ரவிக்கையா?"ன்னு கேட்டாக. "கையெல்லாம் வச்சாச்சு டீச்சர், உடம்புதான் பத்தலை"ன்னா ஆவுடையம்மா. அவுகளுக்குச் சிரிப்பு வரலை. இவ பயந்துட்டா. சரி, இதோட போச்சு, டேப்பைக் கழட்டி வச்சுட்டுப் போயிப் படுத்துரப் போறாகன்னு. அவுக பதினாலு கல்லையும் திரும்ப அடுக்கி, "பெருசாத்தான வெட்டியிருக்கு, குறைச்சுக்கலாம்"னு சொல்லிட்டு மிஷினை எடுத்தாக. அன்னைக்கு ராத்திரி சோறு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாக.

அப்ப அவுகளுக்குச் சிரிப்பு வராட்டியும் பரவால்ல, வேலை நின்னு போகலைல்லா. ஆனா அது பெருசா வெட்டுன தப்பு. குறைச்சுட்டாச் சரியாப் போகும். மயிலு குறைக்க முடியாத தப்பு. இந்த மூலைக் கல்லு எந்தத் தப்பு? பசை காஞ்சு கல்லு மாதிரி ஆயிட்டு, இனி இது எந்தத் தப்புல சேத்தி? முந்தாநாத்து சாயங்காலம் கடைசிக் கல்லா அதை வச்சாக. ரப்பர் சுத்தியலால டொக் டொக்னு தட்டி, ரசமட்டத்தை வச்சு, அதுக்குள்ள இருக்க குமிழு எங்க நிக்குன்னு பாத்து, "சரி"ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாக. இவ பஞ்சை நனைச்சு, கல்லு மேல வழிஞ்ச பசையைத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. முட்டி மடங்கிப் போயி எந்திரிக்க முடியலை. எதையாவது பிடிக்கணும்னு கை போச்சு, குழாய்க்குன்னுதான் போச்சு, குழாய் எட்டலை, கல்லு மேல ஊணுச்சு. முழு ஒடம்பும் அந்த ஒரு கையில. கல்லு இட்லி மாதிரி மெதுக்குன்னு ஒரு அமுங்கு அமுங்குச்சு. அய்யய்யோன்னு கையை எடுத்தா. பாத்தா ஒண்ணும் தெரியலை. அவுக துண்டால கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னு, தன் தரையை முழுசா ஒரு பார்வை பாத்தாக. அந்த முகத்தைப் பாத்த பொறவு எப்பிடிச் சொல்ல? ரெண்டு வருசத்துக்குப் பொறவு வந்த முகம். நாளைக்குச் சொல்லிக்கிடலாம்னு விட்டா, மறுநா காஞ்சுட்டு. இப்ப நாலு மணிக்குத் தண்ணி ஊத்தும்போது அந்த மூலையில தண்ணி தேங்குச்சுன்னு வைங்க. அவுக பாப்பாக. டேப்பைக் கழுத்துல இருந்து எடுத்து, சுருட்டி, இன்னும் நல்லாச் சுருட்டி, மச்சுல வச்சுட்டு வந்து படுத்தாகன்னா, இனி எந்திரிக்க மாட்டாக. அதுதான் ஆவுடையம்மாவுக்குப் பயம். தரை கோணினா என்ன, முப்பத்தாறு வருசம் தள்ளுனவளுக்கு இன்னும் நாலு வருசம் தள்ளுதது ஒரு பாடா? இந்தா கதவுக்குப் பின்னாலயே வாரியல் நிக்கு. நாலு மணிக்கு முதல்ல நான் குளிச்சுருதேன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிடலாம். தேங்குனதை மூலையில இருந்து தள்ளி விட்டுட்டு வெளிய வந்து, "சொட்டுத் தண்ணி நிக்கலைங்க, கண்ணாடி மாதிரி ஓடிட்டு"ன்னு சொல்லிரலாம். நாளைக்கு அவுக குளிப்பாகளே? அவுக குளிச்ச பொறவு முதல்ல போயித் தள்ளிரலாம். நாளன்னைக்கு? நாளன்னைக்கும். இப்பிடியே எத்தனை நாளைக்கு? அன்னைக்கு மயிலு தலைகீழாக் கெடந்தப்பயும் வாயை மூடிக்கிட்டு இருந்தா. வாயை மூடுனதுல என்ன மிஞ்சுச்சு, மயிலும் மிஞ்சலை கடையும் மிஞ்சலை. ஊர்க் கதை, டீச்சர் வீட்டுக் கதை, கொம்பையா வந்த கதை எல்லாம் மணிக்கணக்காப் பேசுத வாய்தான் இது. பேசணும்னு இருக்கப்ப மட்டும் நூலைக் கோத்த மாதிரி மூடிக்கிடுது.

மணி மூணே காலு. டீச்சர் வீட்டுல இருந்து மீன் பொரிக்க வாசம் வருது, இந்த நேரத்துல என்னத்துக்கு மீன் பொரிக்காக, சாயங்காலம் பேரப் பிள்ளைக வருமோ என்னமோ. ஆவுடையம்மா எந்திரிச்சா. சத்தம் போடாம அடுக்களைக்குப் போயி ஒரு செம்புல தண்ணி மொண்டா. ஒரே ஒரு செம்பு. மூலையில மட்டும். நின்னா நிக்குன்னு தெரிஞ்சுரும், துணியால ஒத்தி எடுத்துரலாம், அவுகளுக்கு எப்பிடிச் சொல்லணும்னு முக்கா மணி நேரம் யோசிக்கவாது செய்யலாம். ஓடிட்டுன்னா, முருகா, ஓடிட்டுன்னா இந்த முக்கா மணி நேரமும் சந்தோசமா உக்காந்து நகத்தைக் கடிக்காம ஒரு காபியாவது குடிக்கலாம். வாசப்படியில நின்னா. ரெண்டு நாளா யாரும் மிதிக்காத தரை, மிதிக்க காலு கூசுது. புதுத் துணியில முதல் தடவை கத்தரி வைக்கும்போது அவுகளுக்கு இப்பிடித்தான் இருக்குமோ. குனிஞ்சு செம்பைச் சாய்க்கப் போறா, பின்னால இருந்து, "என்னளா, எனக்கு முந்தி ஊத்திப் பாக்கப் போறியாக்கும்"னு குரல் கேக்கு. செம்புத் தண்ணி பாதி அவ கால்லயே கொட்டிட்டு. திரும்பிப் பாத்தா, அவுக டேப்போட நிக்காக. கண்ணு செவந்திருக்கு, தூங்கவே இல்ல அந்தக் கண்ணு. "நீங்க தூங்கலையா?"ன்னா. "நீ தூங்குனியா?"ன்னாக. அவ வாய் தெறந்துட்டு. ஒண்ணு தெறந்ததும் பின்னால இருந்ததெல்லாம் தள்ளிக்கிட்டு வந்துட்டு. "அந்த மூலைக் கல்லு எறங்கியிருக்குங்க. நான்தான். முட்டி வலிக்குன்னு கையை ஊணிட்டேன். சொல்லலை. அன்னைக்கு அந்த மயிலு தலைகீழாக் கெடந்ததையும் பாத்தேன், நீங்க வெட்டுததுக்கு முந்தியே பாத்தேன், அதையும் சொல்லலை. நீங்களே திருப்பிருவீகன்னு இருந்துட்டேன்." சொல்லிட்டு அவ செம்பையே பாத்துக்கிட்டு நின்னா. அவுக வந்து அந்தச் செம்பை வாங்கிக் கீழ வச்சாக. டீச்சர் வீட்டுல சட்டியில மீனைத் திருப்பிப் போடுத சத்தம் கேட்டுச்சு. "மயிலைச் சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பனாக்கும்"னாக. "போளா, உன் கொக்கியைப் பாருன்னுல்லா சொல்லியிருப்பேன்." அவ நிமிந்து பாத்தா. "அந்தக் கல்லை நீ ஒண்ணும் எறக்கலை. கடைசிக் கல்லுக்குப் பசை பத்தலைளா. பசை கலக்குன பேசினை வழிச்சு வழிச்சு நாலு ஓரத்துல மட்டும் தடவிட்டு, நடுவுல வெறுசா விட்டுட்டேன். இன்னொரு தடவை கலக்கச் சடைவா, சோம்பலா இருந்துச்சு. ரெண்டு நாளா அதைத்தான் நெனைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்." "இல்லைங்க, நான் கையை ஊணுனப்ப அமுங்குச்சு, எனக்குத் தெரியும்." "நடுவுல பசை இருந்தா ஏன்ளா அமுங்குது?" "என் பாரம் உங்களுக்குத் தெரியாதாக்கும்!" "உன் அளவு எனக்குத் தெரியாதா? நான்தான் தப்பு." "நான்தாங்க!" காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து டீச்சர், "ரெண்டு பேரும் தப்புன்னு எழுதி வச்சுட்டுத் தண்ணியை ஊத்துங்கப்பா, எனக்கே பாக்கணும்போல இருக்கு"ன்னு கத்துதாக.

நாலு மணி வரைக்கும் காக்கலை. ஒரு வாளி நெறையத் தண்ணி பிடிச்சு, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமா வளையத்தைப் பிடிச்சுத் தூக்கி, வாசப்படியில வச்சுச் சாச்சாக. தண்ணி முதல்ல சும்மா பரந்துச்சு, எங்க போறதுன்னு தெரியாத மாதிரி. ஆவுடையம்மா வாளி வளையத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டா. பொறவு அப்பிடியே ஒரு மடிப்பா, ஒரு கொசுவமா, கிழக்குப் பக்கம் திரும்பி, ஓட்டையைப் பாத்துச் சரசரன்னு போச்சு பாருங்க. வாசல் பக்கம் ஒரு சொட்டு எட்டிப் பாக்கலை. ஓட்டையில கொடகொடன்னு எறங்குது. முப்பத்தாறு வருசமாத் தானாப் போகாத தண்ணி தானாப் போகுது. எல்லாம் போச்சு. மூலையில மட்டும், குழாய்க்குக் கீழ, ஒரு சின்னத் தோசை அளவுக்குத் தண்ணி நிக்கு. அதுல சன்னல் தெரியுது, சன்னல்ல வானம் தெரியுது. அவுக போயி அந்தத் தண்ணிகிட்டக் குத்த வச்சு உக்காந்தாக. ஒரு விரலை அதுல விட்டு ஆழம் பாத்தாக. ஆவுடையம்மா கையில அவ அறியாமலே வாரியல் இருந்துச்சு, எப்ப எடுத்தான்னு தெரியலை. அவுக திரும்பிப் பாத்து, "அதை அங்கிட்டுப் போடுளா"ன்னாக. "ஒரு கல்லுதான. சுத்திக் கோடு போட்டு ஒடச்சு எடுத்துட்டு, இன்னொண்ணை வச்சுருவோம். நாலு கல்லு மிச்சமா வாங்குனது எதுக்கு?" சொல்லிக்கிட்டே சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சாக. முகத்தைப் பாத்தா. படுத்துக்கிடுத முகம் இல்ல அது, அந்தக் கல்லை எப்ப ஒடைக்கலாம்னு நெனைக்க முகம். தேங்குன தண்ணியைப் பாத்து இவ்வளவு சந்தோசப்பட்டவ பாளையங்கோட்டையில அவ ஒருத்தியாத்தான் இருக்கும். "காபி போடட்டுமா?"ன்னா, வேற என்ன சொல்லன்னு தெரியாம. "போடு"ன்னாக. அவ பின்னாலயே அடுக்களைக்கு வந்தாக. வழக்கமா வர மாட்டாக. அவ பாலை அடுப்புல வச்சிட்டு, மேடையில குனிஞ்சு டிகாக்சனை வடிக்கா, அவுக நெலையில சாஞ்சுக்கிட்டு அவளையே பாக்காக. "இந்த மேடையைக் கட்டுனதும் எங்க அப்பாதான?" "வேற யாரு, அத்தை அளவுக்குக் கட்டுனது. அத்தை என் தோளுக்குக்கூட வர மாட்டாகளே." "அதான் நீ இப்பிடிக் குனிஞ்சே நிக்க"ன்னாக. அவுக கழுத்துல இருந்து டேப்பை எடுத்து, ஒரு நுனியைத் தரையில போட்டுக் கால் கட்டை விரலால மிதிச்சுக்கிட்டாக. "நிமிந்து நில்லு. கையை மடக்கு, முழங்கையைப் பாக்கணும். மூச்சைப் பிடிக்காதளா, ரவிக்கையா தைக்கப் போறேன், மேடைக்குல்லா அளவு?" அவ நிமிந்து நின்னா. டேப்பு முழங்கால், இடுப்புன்னு மெதுவா மேல வந்து முழங்கைகிட்ட நின்னுச்சு. பால் பொங்கப் போகுது, அசைய முடியாது. "முப்பத்தி ஒம்போதே காலு"ன்னாக அவுக, எழுதிக்கோங்கிற மாதிரி. அவ கையில நோட்டும் இல்ல பென்சிலும் இல்ல. முப்பத்தி ஒம்போதே காலு, முப்பத்தி ஒம்போதே காலுன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு, ஒரு கையை மட்டும் மெதுவா நீட்டி அடுப்பை அமத்துனா ஆவுடையம்மா.